பாதியில் நின்ற வயலின்

முதலில் துரோகம் செய்தது ஞானேஸ்வரன்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், லண்டனுக்குப் பக்கத்தில் சட்டனில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழா. என் மகள் சுவர்ணாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் தடவையாக மேடையில் தனியாக வயலின் வாசித்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கச் செயலாளர் ஞானேஸ்வரன் விறுவிறென்று ஏறி மைக்கைப் பிடித்தான்.

"பிள்ளை மன்னிக்க வேணும். கொத்துரொட்டி ஆறுது. எல்லாரும் சாப்பிட வாங்கோ."

சனம் சிரித்துக்கொண்டு எழும்பியது. பிள்ளை அழுதபடி இறங்கினாள். இத்தனைக்கும் கொத்துரொட்டி வந்ததே வெகுநேரம் கழித்துத்தான். அதுவும் பொய்.

அதன் பிறகு சுவர்ணா எந்த மேடையிலும் ஏறவில்லை. நானும் அவன் முகத்தில் முழிக்கவில்லை. அவன் மனைவி சிவனேஸ்வரி இறந்தபோதுகூட நான் போகவில்லை.

இந்த ஜனவரியில்தான் சுவர்ணா மறுபடி வாசிக்கச் சம்மதித்தாள். ஹிட்லரின் ஆட்கள் கொன்ற யூத இசையமைப்பாளர்களை நினைவுகூரும் கூட்டம். காரில் போகும்போது அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.

"பயமா பிள்ளை?"

"கொஞ்சம். அப்பா, நான் நடுவில நிப்பாட்டினாலும் நீங்கள் பேசாம இருக்க வேணும். அந்த இசை..."

"அப்பிடிச் சொல்லாதை. இண்டைக்கு நிப்பாட்ட மாட்டாய்."

மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் கோட்டும் டையுமாக ஞானேஸ்வரன்.

கூட்டம் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து, கொல்லப்பட்டவரைப் பற்றிச் சில வரிகள் படித்தார். பிறகு அவருடைய இசை. சுவர்ணாவின் முறை வந்தபோது மட்டும் யாரும் எதுவும் படிக்கவில்லை. அவளாகவே வந்து வாசிக்கத் தொடங்கினாள்.

யாரோ மறந்துவிட்டார்கள். பிள்ளை பதறப்போகிறாள் என்று நினைத்தேன்.

அந்த இசை எனக்கு விளங்கவில்லை. மேலே மேலே ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றது.

வில் அந்தரத்தில். அவள் தலை குனிந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. இருமல்கூட இல்லை.

ஞானேஸ்வரன் எழுந்து மைக்கை நோக்கி நடந்தான்.

அதே பிள்ளை. அதே ஆள். நான் எழும்பிவிட்டேன்.

"டேய், விடடா. இந்த முறையாவது பிள்ளை முடிக்கட்டும்."

மண்டபமே திரும்பியது. பக்கத்தில் இருந்த, தலையில் சின்னத் தொப்பி வைத்த யூதக் கிழவர் என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்.

ஞானேஸ்வரன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில் படித்தான்.

"இந்த இசை இவ்வளவுதான். மிச்சத்தை எழுத முன்பே அவரை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். அவர் விட்ட இடத்தில் நாமும் கொஞ்சநேரம் பேசாமல் இருப்போம்."

எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நான் கத்தியது மட்டும் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

காரில் ஏறியதும் சுவர்ணா சொன்னாள்.

"நிப்பாட்டுவன் எண்டு சொன்னனான்தானே அப்பா."

"அதைப் படிக்க வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

"நான்தான் அங்கிளைக் கேட்டனான். நடுவில நிப்பாட்டிப்போட்டு நிக்கேக்கை அவர் வந்தா எனக்குப் பயமில்லை."

"அவனோ? உன்னைச் சனத்துக்கு முன்னால நிப்பாட்டினவன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்டைக்கு எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு அப்பா. அதுதான் ஒரே வரியைச் சுத்திச் சுத்தி வாசிச்சனான். நீங்கள் தாளம் போட்டுக்கொண்டு இருந்தியள். அங்கிள் மட்டும்தான் கண்டுபிடிச்சவர்."

கொத்துரொட்டி ஏன் அவ்வளவு பிந்தி வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப ஏன் அவன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு நான் அழுது கேட்டனான். ஓம் எண்டவர்."

நான் காரைக் கிளப்பாமல் இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஞானேஸ்வரன் தனியாக பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குக்காக எட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவியின் செத்தவீட்டுக்குக்கூட என்னைப் போகவிடாமல் பண்ணிவிட்டான்.

அதற்கு அவன் இன்னும் எனக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.