புறம்பான கோப்பை

பிள்ளைகள் விஷயம் இன்றைக்கே நல்லபடியாக முடியவேண்டும் என்று கமலாம்பிகை சாமிப்படத்துக்கு முன்னால் இரண்டு திரி கூடுதலாக ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு குசினிக்குள் போய் மீன் கட்லெட் பொரித்தாள். வரப்போகிறவள் தத்தெடுப்பு ஏஜென்சிக்காரி. உபசாரத்தில் குறை வரக்கூடாது.

நல்லபடியாக என்றால், பிள்ளைகள் வராமல் போகவேண்டும்.

வவுனியாவில் ஓர் இல்லத்தில் வளர்கிற அண்ணனையும் தங்கையையும் தத்தெடுக்க, அவள் தம்பி கிருஷ்ணராசாவும் மனைவி சுவர்ணாவும் நாலு வருஷமாகக் காத்திருந்தார்கள். பிள்ளையில்லாத அவர்களுடைய கிங்ஸ்பரி வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை மஞ்சள் பெயின்ற் அடித்து, இரண்டு கட்டிலும் போட்டபடி வெறுமனே கிடந்தது. அந்த வீடு ஒருநாள் பாரிசில் இருக்கும் தன் மகன் லக்‌ஷனுக்கு வருமென்று கமலாம்பிகையும் காத்திருந்தாள். இரண்டு கிழமைக்கென்று பாரிசிலிருந்து வந்தவள், மூன்று வருஷமாகப் பின்னறையை விட்டு அசையாதது அந்தக் காவலுக்காகத்தான்.

தம்பி வாய் திறக்கமாட்டான். தாய் செத்தபிறகு அவனை வளர்த்தவள் அவள்; ஐம்பது வயதிலும் அக்கா செருமினால் டிவிச் சத்தத்தைக் குறைக்கிறவன். சுவர்ணா வாய் திறப்பாள்தான். ஆனால் அவளை அந்த வீட்டில் யார் கணக்கெடுத்தார்கள்?

ஏஜென்சியிலிருந்து வந்த பியற்றிஸ் தமிழ்ப்பெண்ணாகவே இருந்தாள். அன்ரியோடு தனியாகப் பேசவேண்டும், நீங்கள் இரண்டு பேரும் மேலே இருங்கள் என்று தம்பியையும் மனைவியையும் அனுப்பிவிட்டாள். கமலாம்பிகைக்கு உச்சி குளிர்ந்தது. யாரைக் கேட்டால் உண்மை வரும் என்று தெரிந்த ஒருத்தி கடைசியில் வந்துசேர்ந்தாளே.

குறை சொல்வதாக நினைக்கக்கூடாது என்ற முன்னுரையோடு அவள் குறைகளை அவிழ்த்துக் கொட்டினாள். சுவர்ணா ஆஸ்பத்திரி ஷிப்டே கதியென்று கிடக்கிறவள். ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் போன கிழமைக் கறி. ஹீற்றரைக் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கே புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிப்பார்கள்.

பியற்றிஸ் தலையை ஆட்டினாளே தவிர ஒன்றையும் எழுதவில்லை. கட்லெட்டையும் தொடவில்லை. அன்ரி எந்த அறையில் படுக்கிறவ, பகலில் வீட்டில்தான் இருப்பாவா, அவர்கள் வேலைக்குப் போனால் பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஊர்க்கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யார், நான்தான் என்றாள் கமலாம்பிகை. இது விபரமில்லாத பெட்டை, கேட்கவேண்டியதைக் கேட்கத் தெரியவில்லை என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டாள்.

"பிள்ளையள் வந்தால், நீங்கள் அவையோட எப்பிடி இருப்பியள், அன்ரி?"

இதற்குத்தானே அவள் காத்திருந்தாள்.

"ஒளிக்காமல் சொல்றன், தங்கச்சி. ஆரின்ர இரத்தமோ, என்ன ஆக்களோ. சாமியறைக்குள்ள விட ஏலாது. தட்டிற இடத்தில தட்டித்தான் வளர்க்கவும் வேணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்துபோய்க் கபேட்டின் கீழ்த்தட்டிலிருந்து சாப்பிட இரண்டு சில்வர் கோப்பையும் தண்ணி குடிக்க இரண்டு பேணியும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள். தலைவிதி அப்படியென்றால் என்ன செய்வது என்று வெம்பிளிக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்தவை. நாங்கள் சாப்பிடுகிற கோப்பையில் அவர்கள் கை படக்கூடாது, முதல் நாளே புறம்பாக வைத்துவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை என்று விளக்கினாள். இது ஆசாரமான குடும்பம், கண்ட பிள்ளைகள் இங்கே ஒட்டாது என்பது இந்தப் பெட்டைக்கு இனியாவது விளங்கட்டும்.

விளங்கியது போலத்தான் இருந்தது. பியற்றிஸ் பேனாவைத் திறந்தாள். நிமிராமல் எழுதினாள். பேனா ஓட ஓடக் கமலாம்பிகைக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

எழுதி முடித்து, மேலே இருந்தவர்களைக் கூப்பிட்டாள். இருவரும் வந்து கதவடியில் நின்றார்கள். மேசையில் இருந்த கோப்பைகள் எதற்கென்று சுவர்ணாவுக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று.

"உங்கட ரெண்டு பேரின்ர விசாரணை போன மாதமே முடிஞ்சுது. ஒரு குறையும் இல்லை," என்றாள் பியற்றிஸ். "வீட்டில இருக்கிற மற்ற ஆளைப் பார்க்கத்தான் இண்டைக்கு வந்தனான். அன்ரி இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையளை விட ஏலாது."

கமலாம்பிகைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நேற்றுப் பிறந்தவள் தனக்கே மார்க் போட்டிருக்கிறாள். ஆனால் அடுத்த நிமிஷமே மனம் கணக்குப் போட்டுவிட்டது. பழி யார் தலையில் விழுந்தால் என்ன, பிள்ளைகள் வரமாட்டார்கள், வீடு லக்‌ஷனுக்குத்தான்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். வளர்த்துவிட்ட அக்காவைத் தெருவில் விடுவதாக இருந்தால் விடட்டும், அவனே வாயால் சொல்லட்டும் என்றாள். சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

கிருஷ்ணராசா வழக்கம்போல நிலத்தைத்தான் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அக்காவை விட்டுப் பியற்றிஸின் பக்கம் திரும்பினான்.

"அக்கா வெள்ளிக்கிழமை பாரிசுக்குப் போறா எண்டு எழுதுங்கோ, மிஸ்."