ஆய்வகத்தில் விழுந்த அடி

ஏரி மீன்கள் செத்து மிதந்ததற்கு விஞ்ஞானிதான் காரணம் என்று நாற்பது பேர் இரும்புத் தடிகளோடு ஆய்வகத்துக்கு வந்தார்கள். அவன் தப்பிவிடக் கூடாதென்று கூட்டம் பின்பக்கம் ஓடியது. தலைவர் மட்டும் முன்வாசலுக்கு வந்தார். நான் அங்கே பனியனோடு குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

"பெருசு, அந்த விஞ்ஞானி எங்க?"

"உள்ளே விஷக் காத்து தம்பி. இதை மாட்டிக்கிட்டுப் போங்க."

வெள்ளைக் கோட்டு, முகமூடி, பெரிய கண்ணாடி எல்லாவற்றையும் நானே மாட்டிவிட்டேன். அவர் உள்ளே நுழையவும், கூட்டம் பின் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கவும் சரியாக இருந்தது.

"அந்தா நிக்கிறான்டா வெள்ளைக் கோட்டு!"

முதல் அடியில் முழங்கை போயிற்று. இரண்டாவதில் முன்பற்கள் நான்கு.

"டேய், நான் உங்க தலைவன்டா!"

"பாத்தியா, தலைவர் குரலையே திருடிட்டான், எமகாதகன்!" என்று இன்னும் நாலு போட்டார்கள்.

நானும் உள்ளே போய் இரண்டு குத்து விட்டேன்.

"இந்த வயசுலயும் என்னமா குத்துறே பெருசு! விஞ்ஞானி மேல அவ்வளவு கோபமா?" என்று ஒருவன் முதுகில் தட்டினான்.

கோபமெல்லாம் இல்லை. அந்த ஆய்வகத்தின் ஒரே விஞ்ஞானி நான்தான். எனக்கு விழ வேண்டிய அடியை இன்னொருவர் வாங்கும்போது, சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் மரியாதையாகவா இருக்கும்?