பையனுக்கு எத்தனை வட்டம்?

கோவில்பட்டியில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகத்தோடு கிருமித் தட்டையும் கொண்டுவர வேண்டும். பையனின் உடம்புக் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, மேலே பன்னிரண்டு மருந்து வில்லைகளை வைத்திருப்பார்கள். மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். எத்தனை வட்டமோ, அத்தனை மருந்து பையனைக் காப்பாற்றும். மூன்றுக்குக் குறைந்தால் பேச்சே கிடையாது.

மங்கையைப் பெண் பார்க்க வந்த உலகநாதனின் தட்டு முழுக்கக் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பன்னிரண்டு வட்டமும் விழுந்திருக்கிறதென்று அவள் அப்பா பூரித்துப்போனார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மங்கை மட்டும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல கிருமியே வளரலையே. பினாயில் ஊத்திக் கழுவுனீங்களா அத்தை?"

பையனின் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். உலகநாதன்தான் வாய் திறந்தான்.

"எனக்கு ஒரு வட்டங்கூட இல்லைங்க."

மங்கையின் அப்பா எழுந்துவிட்டார். அவளோ உலகநாதனின் தாடையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். அதில் ரத்தம்.

"இது என்ன?"

"சின்னக் கீறலே ஆளைக் கொண்டுபோயிரும்னு ஆறு வருசமா பிளேடைத் தொட்டதில்ல. தாடியோட வந்தா உங்களுக்குப் பிடிக்காதோன்னு இன்னைக்குக் காலைலதான் ஷேவ் பண்ணேன்."

மங்கை விருட்டென்று உள்ளே போனாள். வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவள் ஸ்பிரிட் பாட்டிலோடு திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எரியும், பல்லைக் கடிச்சுக்கோங்க. தாடி பழையபடி வளர எத்தனை மாசம் ஆகும்? முகூர்த்தத்தை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்."