தொட்டிக்குள் மூன்று குடம்

எம்.எல்.ஏ. தன் தொகுதி நிதியில் கட்டிய மேல்நிலைத் தொட்டிக்குத் திறப்பு விழா. மேலே தண்ணீர் ஏற்றும் குழாயை இன்னும் போடவில்லை. போன விழாவில் மைக் இரைந்ததற்கே முந்தைய பொறியாளரை மாற்றல் செய்ய வைத்தவர் அவர். அதனால் புதுப் பொறியாளர் திலகவதி, பிளம்பர் அற்புதராஜை மூன்று குடம் தண்ணீரோடு தொட்டிக்குள் உட்கார வைத்திருந்தார்.

எம்.எல்.ஏ. கீழே குழாயைத் திறந்தார். அற்புதராஜ் மேலே ஊற்றினான். கைதட்டல். எம்.எல்.ஏ. முகம் கழுவினார், வாய் கொப்பளித்தார், குழாயை மூடவில்லை.

"மூடிடலாங்களா ஐயா?" என்றார் திலகவதி.

"ஓடட்டும்மா, நம்ம நிதிதானே. ஆளுக்கொரு குடம் பிடிங்க."

அறுபது பெண்கள் வரிசையில் வந்தார்கள். இரண்டாவது குடத்திலேயே தண்ணீர் நூலாக மெலிந்து நின்றது. எம்.எல்.ஏ. திலகவதியைப் பார்த்தார். திலகவதி தொட்டியைப் பார்த்தார்.

தொட்டியின் மூடி மெல்லத் திறந்தது. ஒரு கை வெளியே வந்து காலிக் குடத்தை நீட்டியது.