தொண்ணூற்றாறு சதவீதம்

"பீரோவுக்குள்ள எதுவும் விட்டுப்போகலையே? நல்லாப் பாத்துக்கங்க மதினி," என்றார் சுருளிவேல், நிலைக்கதவைப் பிடித்தபடி.

யுவராணி தங்கையின் சேலைகளை மடித்து மூட்டையில் வைத்தாள். கட்டிலும் கிரைண்டரும் ஏற்கெனவே வெளியே நின்ற மினி லாரியில் ஏறியிருந்தன. சின்னமனூரில் இந்த வீட்டுக்குச் சீராக வந்த சாமான்கள், பதினான்கே மாதத்தில் பண்ணைப்புரத்துக்குத் திரும்பிப் போகின்றன.

போன வாரம்தான் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, தங்கை முத்துப்பேச்சிக்கும் அவள் கணவன் விஜய்பாண்டிக்கும் இனி ஒட்டில்லை என்று பேசித் தீர்த்துவிட்டார்கள். இன்று சாமான் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததுமே விஜய்பாண்டி வெளியே போய்விட்டான். அவனுடைய அண்ணன் சுருளிவேல்தான் கூட நின்று எடுத்துக் கொடுத்தார். இனி அவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று யுவராணிக்குத் தெரியவில்லை.

"முத்துப்பேச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

"இடது காது இனிமே கேக்காதுன்னு மதுர டாக்டரு முடிவாச் சொல்லிட்டாக. எங்கன இருந்து கூப்பிட்டாலும் வலது பக்கமாவே திரும்பிப் பாக்குறா."

சுருளிவேல் தரையைப் பார்த்தார். தம்பி கை நீட்டியபோது அவர் தேனி சந்தைக்குப் போயிருந்தார்.

பீரோவின் அடித்தட்டில், விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு பழுப்பு உறை கிடந்தது. யுவராணி அதை எடுத்துப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்தாறில், தேனியில் ஒரு திருமணத் தகவல் மையம் கொடுத்த உறை அது. ஜாதகம் மட்டும் போதாது, மனப்பொருத்தமும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பது கேள்விகள். பெண்ணுக்கும் அதே நாற்பது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றாறு சதவீதம் என்று அச்சடித்து, தாள்களையும் அந்த உறையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். இப்படியொரு ஜோடி இதுவரை தங்களிடம் வந்ததே இல்லை என்றார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் யுவராணி. "எங்க அப்பாகிட்டகூட சொல்லல. முத்துப்பேச்சி தாளை எழுதுனது அவ இல்ல. நான்."

சுருளிவேல் சட்டென்று நிமிர்ந்தார்.

"இம்புட்டையும் எவ படிக்கிறது, நீயே எழுதுக்கான்னு தள்ளிவிட்டா. அவ எப்படி எழுதுவாளோ அப்படித்தான் எழுத உக்காந்தேன். கோவம் வந்தா என்ன செய்வீங்க, எதுக்கு அழுவீங்க, யாரும் இல்லாதப்ப என்ன நினைப்பீங்கன்னு வரிசையாக் கேட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு போனப்பெறகு சாப்பிட்டியான்னு கேக்கக்கூட ஆளில்ல. எங்கிட்டயே கேக்குற மாதிரி இருந்துச்சு. மனசுல கெடந்ததை எல்லாம் எழுதிட்டேன்."

குமுளி ரோட்டில் ஜீப் கவிழ்ந்து கணவன் இறந்தபோது யுவராணிக்கு இருபத்தாறு வயது. அதன்பிறகு அப்பா வீட்டில் தையல் மிஷினும் அவளும்தான்.

"விடுங்க. அதுல என்ன தப்பு இருக்கு?" என்றார் சுருளிவேல் மெதுவாக.

"தப்பு அதோட நிக்கலையே. மூணு தடவ அழுதுக்கிட்டு வந்தா. மூணு தடவையும் நான்தான் திருப்பி அனுப்புனேன்."

அவள் கையிலிருந்த உறையை மூட்டையின் மேல் வைத்தாள்.

"உங்க தம்பி எழுதுன தாளை நான் படிச்சிருந்தேன். கோவம் வந்தா மோட்டார் ரூமுக்குப் போயி உக்காந்துட்டு, ஆறுனப்பெறகு வீட்டுக்கு வருவேன்னு எழுதியிருந்தாரு. பொண்டாட்டி அழுதா ஏன்னு கேக்க மாட்டேன், பக்கத்துல உக்காந்திருப்பேன்னு எழுதியிருந்தாரு. இப்படி எழுதுன மனுசன் அடிப்பாரா, நீ என்ன எடுத்தெறிஞ்சு பேசுனன்னு அவளையே வஞ்சேன். மூணாவது தடவ போனப்பதான் காது போச்சு."

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாளை ஒரு நகல் எடுத்துத் தையல் மிஷின் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நடுவில் நூல் அறுந்தால்கூட அதை எடுத்து இரண்டு வரி படிப்பாள். தங்கைக்கு வாய்த்தவனின் மனது தன்னுடைய மனதைப் போலவே இருக்கிறதே என்று பொறாமைப்பட்டிருக்கிறாள். பொறாமைப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

அடுப்படியிலிருந்து சுருளிவேலின் மனைவி ஞானசெல்வி குரல் கொடுத்தாள். "ஏங்க, வந்தவுகளுக்குப் போட்ட டீ ஆறுது. கூட்டிட்டு வாங்க."

"இந்தா வர்றோம்," என்றார் அவர். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

யுவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கி உங்க தம்பி இருப்பாரு, நேராக் கேக்கணும்னுதான் வந்தேன். அந்தத் தாளுல இருந்த மனுசன் எங்க போயிட்டான்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும்."

சுருளிவேல் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மனுசன் எங்கயும் போகல மதினி. எந்தம்பி அந்தத் தாளைத் தொட்டதே இல்ல, நாப்பதையும் எழுதுனது நான்தான்."