காலிப் பெட்டி

காலையில், விழுந்த முன்பல்லை மகள் என் உள்ளங்கையில் வைத்தாள். கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

துறைமுகத்தில் எங்கள் ஆபீஸே ஒரு பழைய கன்டெய்னர்தான். ஜன்னல் வெட்டி, ஃபேன் மாட்டி, என்னை உள்ளே உட்காரவைத்தார்கள். கதவிலிருந்த பழைய பெட்டி எண்ணை மட்டும் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி நான்கு முறை எழுதிக் கொடுத்தாயிற்று.

பதினொரு மணிக்கு, கப்பலில் ஏற்றிய பெட்டிகளின் பட்டியல் திரையில் வந்தது. அதில் எங்கள் எண்ணும் இருந்தது. மேலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், அது ஆபீஸ். நான் உள்ளதான் இருக்கேன்."

"சிஸ்டம்ல ஏறிடுச்சேம்மா. ஏறினா ஏறினதுதான்."

"குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். உங்க சிஸ்டத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

போனை அவரே வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அடுத்த வரி வந்தது: பெட்டி திரும்பியது, காலி.

காலியாம்! நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து மாரடித்த நான் யாராம்? கதவை அறைந்து சாத்தினேன். கைப்பிடியில் உப்புப் பூத்திருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"எங்கேம்மா போயிட்ட, இத்தனை நாளா?"

அழுத வாயில் புது முன்பல் முழுசாக முளைத்திருந்தது.