பிறந்த வீட்டுக் கோடி

“பொறந்த வீட்டுக் கோடி போடுறவங்க வாங்க!”

மட்டாஞ்சேரித் தமிழர் தெருவில், இழவு வீட்டு வாசலில் நின்று பெரியவர் காளி கூப்பிட்டதும், சுப்புராஜ் கக்கத்திலிருந்த துணிக்கடைப் பையை இறுக்கிக்கொண்டார்.

உள்ளே கிடத்தியிருந்தது அவர் கூடப்பிறந்த ஒரே தங்கை, செல்வலட்சுமி.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சுமைதூக்கியைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தவள் அவள். அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார் சுப்புராஜ். அதன் பிறகு ஒரு பொங்கலுக்குக்கூட ஒரு முழத் துணி கொடுத்ததில்லை. வீறாப்பில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது.

சாவுச் செய்தி வந்ததும் அந்த வீறாப்பு எங்கே போனதோ. பிறந்த வீட்டுக் கோடி விழாமல் தங்கையை எடுத்துவிடக் கூடாதே என்று, கண்ணில் பட்ட முதல் கடையில் ஒரு பச்சைச் சேலை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

இப்போது வாசலைத் தாண்டாமல் நின்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? இவர்கள் துரத்திவிட்டால்?

அதற்குள் சுக்குக் கிடங்கில் செல்வலட்சுமியோடு வேலை பார்த்த அம்பிளி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஓர் அரக்குச் சேலையைப் பிரித்து உடல்மேல் விரித்தாள்.

“அண்ணன் கொடுத்தயச்ச கோடியாக்கும். வருஷாவருஷம் பொங்கலுக்குச் சேலை தர்ற அண்ணனில்லே!”

தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சுப்புராஜ் அனுப்பாத சேலை அது. தன் கூலியில் தானே சேலை எடுத்து, அண்ணன் கொடுத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக் கட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி. சாவுக்கும் அண்ணன் வரமாட்டான் என்று, கோடியைக்கூட முன்னதாகவே எடுத்துத் தோழியிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மகள் ரோஜா நிமிர்ந்தாள். அவர் முகத்தில் அம்மாவின் சாடையைக் கண்டாளோ என்னவோ, எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா... இதுவும் நீங்க அனுப்புன சேலைதான் மாமா,” என்று தான் உடுத்தியிருந்ததைத் தொட்டுக் காட்டி அழுதாள்.

ஆமாம் என்பதுபோல் அவள் தலையைத் தடவினார். பையைப் பிரித்தாலோ, அப்படியானால் அந்தச் சேலை யார் கொடுத்தது என்று கேட்பார்கள். செத்தவள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

அம்பிளி மட்டும் பையைக் கவனித்துவிட்டாள். அதை அவர் கக்கத்திலிருந்து உருவி, அடுக்களைக்குள் கொண்டுபோய் மறைத்தாள்.

தங்கைக்கென்று அவர் வாங்கிய ஒரே சேலை அதில்தான் இருந்தது.